கேட்டால் சொல்வோம்: ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத கல்லுக்கு ஒரு விண்கலமா?

போன இதழில் டிங்கினேஷ் என்ற குட்டிச் சிறுகோளை, அதாவது சூரியனைச் சுற்றுகிற ஒரு விண்வெளிக் கல்லைப் பற்றி ஓர் ஓரத்தில் நாலு வரி போட்டிருந்தோம். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதிலும் பாதிக்கு மேல் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும். அங்கே ஒரு டியூஷன் ஆசிரியர் வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறார், பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, வீட்டில் இருந்த தாத்தா, சித்தப்பா, அத்தை எல்லாரும் பேனாவை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சரி, இந்த இதழ்ப் பகுதி முழுக்கச் சுங்கை சிப்புட்டுக்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: டிங்கினேஷ் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு சின்னக் கல்லைப் பார்க்கவா நாசா ஒரு விண்கலம் அனுப்பியது? பணத்துக்கு வேறு வேலை இல்லையா? (படிவம் 4 மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: கோபத்தில் நியாயம் இருக்கிறது தங்கச்சி, ஆனால் அதைப் பார்ப்பதற்கென்று யாரும் விண்கலம் அனுப்பவில்லை. லூசி என்ற அந்த விண்கலம் 2021 அக்டோபர் 16-ஆம் தேதி புறப்பட்டது வியாழனின் பாதையில் வியாழனுக்கு முன்னும் பின்னும் கூட்டமாகச் சுற்றுகிற ட்ரோஜன் சிறுகோள்களைப் பார்க்க. அங்கே போய்ச் சேர 2027 ஆகும். போகிற வழியில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள முதன்மைச் சிறுகோள் பட்டையைக் கடக்க வேண்டும். பாதையைக் கொஞ்சம் திருத்தினால் இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போகலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, 2023 ஜனவரியில் இதையும் பட்டியலில் சேர்த்தார்கள். அதுவரை இதற்குப் பெயர்கூடக் கிடையாது. 1999 நவம்பரில் அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் உள்ள லீனியர் தேடல் திட்டம் இதைக் கண்டுபிடித்தது, 152830 என்று ஓர் எண் கிடைத்தது, அதோடு சரி. இருபது வருடத்துக்கு மேல் ஒருவரும் அதைப் பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சேர்த்ததற்குக் காரணம் கல்லின் மேல் ஆசை என்றும் சொல்ல முடியாது. லூசியில் ஒரு கருவியமைப்பு உண்டு: பக்கத்தில் போகும்போது சிறுகோள் எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, கேமராவை அதன் மேலேயே வைத்துக்கொள்ளும். முந்தைய விண்கலங்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. கல் இன்ன இடத்தில் இருக்கும் என்று உத்தேசமாகக் கணித்து, தவறிவிடக்கூடாதே என்று சுற்றியுள்ள வெறும் இருட்டையும் சேர்த்துப் படம் பிடிப்பார்கள். ட்ரோஜன்களிடம் போய் அந்த அமைப்பு சொதப்பினால் இரண்டாவது வாய்ப்பு இல்லை. அதனால் வழியில் கிடைத்த கல்லில் ஒத்திகை பார்த்தார்கள்.

2023 நவம்பர் 1-ஆம் தேதி, நொடிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 430 கிலோமீட்டர் தொலைவில் லூசி அதைத் தாண்டியது. அந்த வேகத்தில் போனால் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு முக்கால் நிமிடம். படங்கள் வந்தன. டிங்கினேஷுக்குச் சராசரியாக 720 மீட்டர் விட்டம், கே.எல்-இல் உள்ள மெர்டேக்கா 118 கோபுரத்தின் உயரம் 679 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். முதன்மைப் பட்டையில் ஒரு விண்கலம் அதுவரை நெருங்கிப் பார்த்ததிலேயே மிகச் சிறியது இதுதான். அதன் பக்கத்தில் ஒரு நிலா! கிட்டே போகப் போக அதன் வெளிச்சம் கூடிக் குறைந்த விதத்தைப் பார்த்து, இரண்டாக இருக்குமோ என்று ஆய்வாளர்களுக்கு ஏற்கெனவே சந்தேகம், சந்தேகம் உண்மையானது. அதோடு முடியவில்லை. சில நாள் கழித்து இறங்கிய மற்ற படங்களில் அந்த நிலாவே ஒன்றல்ல, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிற இரண்டு கட்டிகள் என்று தெரிந்தது. ஒன்று சுமார் 210 மீட்டர், இன்னொன்று சுமார் 230 மீட்டர். ஒட்டிக்கொண்ட இரட்டைக் கல் ஒன்று வேறொரு சிறுகோளைச் சுற்றி வருவதை மனிதன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கு செலாம் என்று பெயர் வைத்தார்கள். எத்தியோப்பியாவில் கிடைத்த ஆதிமனிதக் குழந்தையின் எலும்புக்கூட்டுக்கு வைத்த பெயர் அது, டிங்கினேஷ் என்பதும் அங்கே கிடைத்த லூசி என்ற இன்னோர் ஆதிமனித எலும்புக்கூட்டின் உள்ளூர்ப் பெயர்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சின்னக் கல்லில் என்ன இருக்கிறது? சின்னதாக இருப்பதுதான் விசேஷம். பெரிய சிறுகோளில் அதன் ஈர்ப்புவிசைதான் முதலாளி. டிங்கினேஷ் அளவுக்கு வந்துவிட்டால் வெறும் வெயிலே முதலாளி ஆகிவிடுகிறது. வெயில் பட்ட பாறை சூடாகி, அந்தச் சூட்டைத் திரும்ப வெளியே விடும்போது மிக மிகச் சின்ன ஓர் உந்துதல் கிடைக்கிறது. கல் ஒழுங்கான உருண்டையாக இல்லாமல் கோணல்மாணலாக இருப்பதால் அந்த உந்துதல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்று ஊதின காற்றாடி மாதிரி கல்லைச் சுழற்றப் பார்க்கிறது. இதற்கு யார்ப் விளைவு என்று பெயர். நாலு பேருடைய பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்தது. காகிதத்தில் மட்டும் இருந்த கணக்கு இது. 2007-இல்தான் இரண்டு சிறுகோள்களின் சுழற்சி உண்மையிலேயே வேகம் கூடிவருவதை நேரடியாக அளந்து காட்டினார்கள்.

இப்படிப் பல லட்சம் வருடம் வெயில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இந்த அளவுக் கற்களில் பெரும்பாலானவை ஒரே பாறை கிடையாது. உடைந்த கற்களும் பொடியும் லேசான ஈர்ப்பில் சேர்ந்து கிடக்கிற குவியல். சுழற்சி சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற அளவை நெருங்கினால் மேலே கிடப்பது பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். டிங்கினேஷ் இன்று 3.74 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, ஒரு காலத்தில் இதைவிட வேகமாகச் சுற்றியிருக்க வேண்டும். அதன் இடுப்பைச் சுற்றி ஒரு மேடு ஓடுகிறது, இன்னொரு பக்கம் ஒரு நீளப் பள்ளம். ஒரு பக்கம் சரிந்து, சரிந்ததில் கொஞ்சம் திரும்பி விழுந்து மேடாகி, மிச்சம் சுற்றுப்பாதையில் சேர்ந்து செலாம் ஆனது என்று 2024-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. ஆனால் கிட்டத்தட்ட ஒரே அளவில் இரண்டு கட்டிகள் உருவாகி, ஒன்றையொன்று நொறுக்காமல் மெதுவாகப் போய் ஒட்டிக்கொண்டது எப்படி என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

இத்தனையும் ஓர் ஒத்திகையில் கிடைத்தது. தனியாக இதற்கென்று பணம் கேட்டிருந்தால் ஒருவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் செலவைப் பற்றிய உன் கோபத்தை இந்தக் கல்லின் மேல் காட்டாதே.

இன்னொரு சின்னக் கணக்கு, வகுப்பில் சொல்லிக்காட்ட: அங்கே 60 கிலோ எடையுள்ள ஆள் நின்றால் அவர் எடை நம் ஊர் ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் இருக்கும். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் எம்பினாலே போதும், திரும்பி வரமாட்டார்.

கேள்வி: படத்தில் கப்பல் அந்தப் பட்டைக்குள் நுழைந்ததும் வலதும் இடதுமாகக் கல்லு பறந்து வருகிறது, ஓட்டுகிறவன் வளைத்து வளைத்துத் தப்பிக்கிறான். லூசி மட்டும் எப்படி இடிக்காமல் போனது? அப்புறம், அது ஒரு கிரகம் உடைந்து சிதறியது என்று சின்ன வயதில் படித்தேன். உண்மையா? (ஓய்வுபெற்ற மண்டோர், லிந்தாங் பக்கத்துத் தோட்டம்)

பதில்: ஐயா, படத்தில் காட்டுகிறபடி நெருக்கமாக இருந்தால் ஒன்றோடொன்று மோதி எப்போதோ மாவாகியிருக்கும். அங்கே கற்களின் எண்ணிக்கை அதிகம்தான், ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளவையே பத்து லட்சத்தைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் இடம் அதைவிட மிக அதிகம். ஓரளவு பெரிய கல் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் போக வேண்டும். நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைவிட இரண்டரை மடங்கு அது. 1972-இல் புறப்பட்ட பயனியர் 10 முதன்முதலில் அந்தப் பட்டையைக் கடந்தபோது எல்லாருக்கும் பயம்தான், ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு போன எதுவும் இடிபடவில்லை. உள்ளபடி சொன்னால், அங்கே கல்லிடம் தப்பிப்பது கஷ்டமில்லை, கல்லைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் போவதுதான் கஷ்டம்.

கிரகம் உடைந்த கதை பழைய புத்தகங்களில் இருந்தது. இப்போது யாரும் அதை ஏற்பதில்லை. பட்டையில் உள்ள எல்லாவற்றையும் அள்ளி உருட்டினாலும் நம் நிலாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் தேறும். அதிலும் மூன்றில் ஒரு பங்கை சீரீஸ் என்ற ஒரே சிறுகோள் எடுத்துக்கொள்ளும், 940 கிலோமீட்டர் விட்டம் அதற்கு. உடைவதற்கு அங்கே கிரகமே உருவாகவில்லை ஐயா. பக்கத்தில் வியாழன் இருந்து இழுத்துக் கலைத்துக்கொண்டே இருந்ததால் சேரவேண்டிய கற்கள் சேரவே இல்லை.

கேள்வி: தங்கமும் வைரமும் கொட்டிக்கிடக்கிற ஒரு சிறுகோளைக் கொண்டுவந்தால் உலகத்தில் எல்லாரும் கோடீஸ்வரன் ஆகலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன். எப்போது கொண்டுவருவார்கள்? (செம்பனை லாரி ஓட்டுநர்)

பதில்: கொண்டுவரமாட்டார்கள் தம்பி. அந்த வீடியோ சொல்வது சைக்கி என்ற சிறுகோளை. 200 கிலோமீட்டருக்கு மேல் விட்டம், உலோகம் கலந்தது, வைரக்கதை எல்லாம் பார்வையாளர்களைப் பிடிப்பதற்கு. அதைப் பார்க்க 2023 அக்டோபர் 13-இல் ஒரு விண்கலம் கிளம்பியிருக்கிறது, 2029-இல் போய்ச் சேரும், அதுவும் அள்ளிக்கொண்டு வர அல்ல, சுற்றிப் பார்க்க. அள்ளிக்கொண்டு வருவதற்கு என்ன செலவாகும் என்று தெரியவேண்டுமானால் பென்னு என்ற சிறுகோளுக்குப் போய்வந்த விண்கலத்தைக் கேட்க வேண்டும்: 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2023 செப்டம்பரில் கொண்டுவந்து இறக்கியது 121.6 கிராம் மண். செம்பனைப் பழம் டன் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கிராமுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், லாரியே லாபம்.

கேள்வி: இந்த மாதிரி ஒரு கல் நம் தலையில் விழாது என்று என்ன நிச்சயம்? என் பேரன் ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறான். (பள்ளிக் கேண்டீன் நடத்தும் அக்கா, ஜாலோங்)

பதில்: அக்கா, டிங்கினேஷ் விழாது, தைரியமாகச் சொல்லித் தூங்கவையுங்கள். அது சூரியனிலிருந்து சராசரியாக 33 கோடி கிலோமீட்டர் தள்ளி மூன்றேகால் வருடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, நம் பாதைப் பக்கம் வருவதே இல்லை. பட்டையில் உள்ள பெரும்பாலானவை அப்படித்தான்.

ஆனால் பேரன் கெட்டிக்காரனாக இருந்து மேலே மேலே கேட்டால் முழுதும் பொய்யாகிவிடக்கூடாது, அதனால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குள் சில இடங்கள் காலியாகக் கிடக்கும். 1866-இல் கிர்க்வுட் என்ற அமெரிக்கர் கவனித்தது. வியாழன் ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் சரியாக மூன்று சுற்று சுற்றுகிற மாதிரி தூரத்தில் ஒரு கல் இருந்தால், வியாழனின் இழுப்பு ஒரே விதமாகத் திரும்பத் திரும்பப் பட்டு, பாதை நீண்டு நீண்டு கடைசியில் உள்பக்கம் வந்துவிடும். முதல் பதிலில் சொன்ன வெயில் உந்துதல் இருக்கிறதே, அதன் அண்ணன் தம்பி முறையில் இன்னொன்று உண்டு, அது சின்னக் கற்களை மெல்ல மெல்ல நகர்த்தி அந்த இடங்களுக்குக் கொண்டுபோய் விடுகிறது. பூமிப் பக்கம் வருகிற கற்களில் பெரும்பாலானவை இந்த வழியாக வந்தவை. அப்படி முப்பதாயிரத்துக்கு மேல் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் பாதையையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் ஊருக்கு மேலே வெடித்தது சுமார் 20 மீட்டர் கல். கண்ணாடி உடைந்து நிறையப் பேருக்குக் காயம், கல் விழுந்து யாரும் சாகவில்லை. தள்ளிவிடவும் முயன்று பார்த்தாயிற்று. 2022 செப்டம்பர் 26-ஆம் தேதி டார்ட் என்ற விண்கலத்தை, வேறொரு சிறுகோளைச் சுற்றுகிற டைமார்ஃபோஸ் என்ற குட்டி நிலாவின் மேல் வேண்டுமென்றே மோதவிட்டார்கள், அது சுற்றிவரும் நேரம் அரை மணிக்கு மேல் குறைந்துவிட்டது. பேரனுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

கேள்வி: எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாகவே இருக்கிறதே, இதில் நம் ஆட்களுக்குப் பங்கே கிடையாதா? (ஓய்வுபெற்ற கிராணி)

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்கு நீங்கள் நினைப்பதைவிட நல்ல பதில் இருக்கிறது. ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் எங்கே கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? சென்னையில், நுங்கம்பாக்கத்தில்! 1861 ஏப்ரலில் அங்கிருந்த மதராஸ் வான்நோக்ககத்திலிருந்து அதன் தலைவர் போக்சன் கண்டுபிடித்தார், பெயரே ஆசியா என்று வைத்தார்கள், 67-ஆம் எண். சரி, போக்சன் வெள்ளைக்காரர்தான், விட்டுவிடலாம். ஆனால் அதே வான்நோக்ககத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறுகிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். வான்நோக்ககக் கட்டடம் இப்போது இல்லை. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும், 1792 என்று ஆண்டு வெட்டி, தமிழ் எழுத்தும் சேர்த்து, வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை போகிறவர்கள் தியாகராய நகரிலேயே சுற்றாமல் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

போக்சன் 1866-இல் அங்கிருந்தே கண்டுபிடித்த சில்வியா என்ற சிறுகோளுக்கு இன்னொரு பெருமை உண்டு. 2001-இல் அதற்கு ஒரு நிலா இருப்பது தெரிந்தது, 2005-இல் இரண்டாவது நிலாவையும் அறிவித்தார்கள். இரண்டு நிலா உள்ள சிறுகோள் என்று உலகத்துக்கு முதலில் தெரியவந்தது இந்தச் சென்னைக் கண்டுபிடிப்புதான்.

போக்சனின் கடைசிச் சிறுகோள் 1885-இல். அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. 1988 பிப்ரவரி 17-ஆம் தேதி, வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான்நோக்ககத்திலிருந்து ராஜமோகன் என்ற வானியலாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுவும் முதன்மைப் பட்டையில் சுற்றுகிற சின்னக் கல்தான். எண் 4130. ஈரோட்டில் பிறந்த கணிதமேதை ராமானுஜன் பெயரை அதற்கு வைத்தார்கள். தமிழ்நாட்டு மலையிலிருந்து பார்த்த கல், தமிழர் ஒருவர் பெயர். கிராணி ஐயா, இது போதுமா?

கேள்வி: என் மகள் பெயரை ஒரு சிறுகோளுக்கு வைத்துச் சான்றிதழ் தருகிறோம் என்று இணையத்தில் ஒருவர் 250 வெள்ளி வாங்கிக்கொண்டார். சான்றிதழ் அழகாக வந்தது, பேஸ்புக்கில் போட்டேன், ஒரு பையன் வந்து இது டுப்பாக்கூர் என்று எழுதிவிட்டான். உண்மை என்ன? (இரும்புக்கடை வைத்திருப்பவர்)

பதில்: பையன் சொன்னதுதான் உண்மை. சான்றிதழைச் சுவரில் மாட்டிவையுங்கள், மகளுக்கு ஞாபகமாக இருக்கும், 250 வெள்ளியை மறந்துவிடுங்கள். சிறுகோள் பெயரைக் காசு கொடுத்து வாங்கவே முடியாது. கல் முதலில் ஒரு தற்காலிகக் குறியீட்டோடு இருக்கும். டிங்கினேஷின் குறியீடு 1999 விடி57: வி என்றால் நவம்பர் முதல் பாதி, அதற்கு அடுத்தது அந்தப் பாதி மாதத்தில் எத்தனையாவது என்ற கணக்கு, பிரித்துப் பார்த்தால் 1,429-ஆவது வரும். பல வருடம் பார்த்துப் பாதை உறுதியானால் நிரந்தர எண் கிடைக்கும். அதற்குப் பிறகு பத்து வருடம்வரை பெயர் சொல்லும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்று பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, வியாபாரப் பெயர் கூடாது, அரசியல்வாதியோ படைத்தலைவரோ என்றால் செத்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். (இந்தக் கடைசி விதியை நம் ஊர்ச் சாலைப் பெயர்களுக்கும் கொண்டுவரலாம்.) ஒருவர் தன் பூனையின் பெயரை வைத்து அனுமதியும் வாங்கிவிட்டார், மிஸ்டர் ஸ்பாக், எண் 2309. அதைப் பார்த்த பிறகுதான் வளர்ப்புப் பிராணிப் பெயர் வேண்டாமே என்று குழு கேட்டுக்கொண்டது.

எண் வாங்கியவை ஏழு லட்சத்துக்கு மேல், அதில் பெயர் உள்ளவை மிகக் கொஞ்சம். பெயருக்கு ஆள் இல்லாமல் கல்தான் காத்திருக்கிறது. மகள் இடைநிலைப் பள்ளியில் படித்தால் நேர்வழி ஒன்று உண்டு: சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற திட்டத்தில் பள்ளிக் குழுக்கள் இலவசமாகச் சேரலாம். ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்புவார்கள், அடுத்தடுத்த படங்களில் நகர்கிற புள்ளியைப் பிள்ளைகள் தேட வேண்டும். கிடைத்தால், அது எண் வாங்கும்வரை பல வருடம் பொறுத்திருந்தால், பெயர் முன்மொழியலாம். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. போட்டியும் கூடிக்கொண்டே வருகிறது: 2025 ஜூனில் சிலியில் உள்ள ரூபின் வான்நோக்ககம் தன் முதல் படங்களை வெளியிட்டபோது, சுமார் பத்து மணி நேரப் பார்வையில் மட்டும் 2,104 புதுச் சிறுகோள்கள் கிடைத்ததாக அறிவித்தது.

கேள்வி: ஜாதகத்தில் இந்தச் சிறுகோள்களுக்கு எந்த வீடு? (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: ஒன்பதையே சமாளிக்க முடியவில்லை. பத்து லட்சத்துக்கு வீடு கேட்டால் ஜோசியர் எங்கே போவார்?

கேள்வி: பால்மரம் வெட்டுகிற காலத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னால் கிளம்புவோம், விளக்கை ஏற்றும் முன் வானத்தைப் பார்த்தால் கண்கொள்ளாது. ஒரு சிறுகோளையாவது என் கண்ணால் பார்க்க ஆசை. முடியுமா? (72 வயது, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி)

பதில்: முடியும் அம்மா. டிங்கினேஷ் முடியாது, அதற்குப் பெரிய வான்நோக்ககம் வேண்டும். வெஸ்டாவைப் பார்க்கலாம். சுமார் 525 கிலோமீட்டர் விட்டம், 1807-இல் கண்டுபிடித்தது, முதன்மைப் பட்டையிலேயே அதிக வெளிச்சம் அதற்குத்தான். 16, 17 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கு நெருக்கமாக வரும், அந்தச் சமயத்தில் நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தட்டுப்படுகிற அளவு. உங்களுக்கும் எங்களுக்கும் கண்ணை நம்ப முடியாது, பைனாகுலர் எடுத்துக்கொள்வோம். 7 அல்லது 10 மடங்கு பெரிதாக்குகிற சாதாரண பைனாகுலர் போதும். நம் ஊருக்கு ஒரு வசதி, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கிரகங்களும் சிறுகோள்களும் போகிற பாதை நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வரும். ஐரோப்பாக்காரன் பல சமயம் அடிவானப் புகையில் தேடுவதை நாம் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

பார்க்கிற விதம் இது. பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியைப் போட்டு வெஸ்டா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலா இல்லாத இரவு, ஆலை விளக்கு படாத பக்கம். செம்பனைக் காட்டுக்குள் போக வேண்டாம், எலிக்குப் பாம்பு வரும், ஓலை வேறு வானத்தை மறைக்கும். தோட்டத்துத் திடல் போதும். முதலில் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும், இருபது நிமிடமாவது கைப்பேசியைப் பார்க்கக்கூடாது. பேரப்பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். பைனாகுலரில் அந்த இடத்தைப் பிடித்ததும் ஒரு தாளில் வட்டம் போட்டு, உள்ளே தெரிகிற புள்ளிகளை எல்லாம் பென்சிலால் வையுங்கள், பிரகாசமானது பெரிய புள்ளி, மங்கலானது சின்னப் புள்ளி. எது வெஸ்டா என்று அன்றைக்குத் தெரியாது, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து அதே இடத்தைப் பார்த்து இன்னொரு தாளில் வரையுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் நகர்ந்திருக்கும். நெருங்கி வந்திருக்கும் நாட்களில் ஒரு நாளைக்கு நிலாவின் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதி தூரம் நகரும். 1801 ஜனவரி 1-ஆம் தேதி சிசிலியில் பியாசி என்ற வானியலாளர் முதல் சிறுகோளான சீரீஸைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான், புள்ளி இடம் மாறியதைக் கவனித்து.

நம் ஊரில் பனி இறங்கிப் பைனாகுலர் கண்ணாடி பத்து நிமிடத்தில் பூத்துவிடும், கழுத்துத் துண்டால் மூடி மூடி எடுங்கள், தேய்க்காதீர்கள், கோடு விழும். வருடக் கடைசி மழை மாதங்களில் வெஸ்டா நெருங்கினால் மேகம் விடாது. அந்தத் தடவையை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் மண் தோண்டும்போது கருப்பாக ஒரு கல் கிடைத்தது. கனமாக இருக்கிறது, காந்தம் ஒட்டுகிறது. சிறுகோளிலிருந்து விழுந்ததுதானே? எவ்வளவுக்கு விற்கலாம்? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: பேராக்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. ஈயம் தோண்டி உருக்கின மாநிலம், உருக்கிய கழிவுக்கட்டி கருப்பாக, கனமாக எங்கே வேண்டுமானாலும் புதைந்து கிடக்கும். போதாததற்கு இரும்பு கலந்த நம் செம்மண் கல்லில் சிலதும் காந்தத்தில் ஒட்டும். விண்கற்களில் பெரும்பாலானவை காந்தத்தை இழுக்கும் என்பது சரி, ஆனால் காந்தம் ஒட்டுவதெல்லாம் விண்கல் கிடையாது. கல்லில் குமிழ் குமிழாக ஓட்டை இருந்தால் அநேகமாக உருக்குக் கழிவு. டைல்ஸ் துண்டு ஒன்றை எடுத்து, பளபளப்பு இல்லாத அடிப்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். கருப்பாகவோ செங்கல் நிறத்திலோ கோடு விழுந்தால் சாதாரண இரும்புக் கனிமம் என்று வைத்துக்கொள்ளலாம். விண்கல் பொதுவாகக் கோடு போடாது. விண்கல்லின் மேல்தோல் காற்றில் உரசி உருகியதால் மெல்லிய கருப்பு ஓடு மாதிரி இருக்கும், உடைந்த இடத்தில் உள்ளே வெளிறிய நிறம் தெரியும்.

இதற்கெல்லாம் பிறகும் சந்தேகம் மிச்சம் இருந்தால் ஈப்போவில் உள்ள கனிம, புவி அறிவியல் துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.